மடக்கு சைக்கிளைச் சாய்வு சைக்கிளாக மாற்றும் முறை

நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு, ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தாலே எனக்கு உள்ளங்கை மரத்துப் போகத் தொடங்கியது. கழுத்தும் தோளும் வலித்தனவே தவிர, கால்களில் களைப்பு இல்லை. நாற்காலியில் சாய்ந்திருப்பது போல் முதுகைத் தாங்கவிட்டு, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் சாய்வு சைக்கிள் இதற்குச் சரியான விடை என்று தெரிந்தது. ஆனால் அதைச் சென்னையில் ஒரு கடைக்குள் நுழைந்து வாங்கிவிட முடியாது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அதன் விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். வீட்டில் சும்மா கிடந்த 20 அங்குலச் சக்கர மடக்கு சைக்கிளைப் பார்த்தபோதுதான், ரயிலில் ஏற்றிச் செல்லக்கூடிய சிறிய சாய்வு சைக்கிளை இதிலிருந்தே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தது. ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் நான் செய்து, இரண்டு முறை திருத்தி, இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியின் செய்முறையை இங்கே எழுதுகிறேன்.

இந்த வகை வண்டி வேகத்திலும் குறைந்ததன்று. 1933 ஜூலையில் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே உலக சைக்கிள் சங்கம் இவ்வகை வண்டியைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. அதன் வளர்ச்சி பல பத்தாண்டுகள் தேங்கி நின்றதற்கு அந்த முடிவு முக்கியக் காரணம். காற்று குறைவாக எதிர்ப்பதே இதன் பலம். பிற்பகலில் கடற்காற்று எதிரே வீசும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு அது உடனே புரியும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மடக்கு சைக்கிளின் சட்டத்தில் எந்த இடத்திலும் பற்றவைக்கக் கூடாது, துளையிடவும் கூடாது. வெட்டுவது, பற்றவைப்பது எல்லாம் பழைய இரும்புச் சைக்கிளின் துண்டில் மட்டுமே நடக்க வேண்டும். மடக்கு சைக்கிளோடு அது போல்ட்டுகளால் மட்டுமே சேர வேண்டும். மடக்கு சைக்கிள்களில் பல அலுமினியச் சட்டம் கொண்டவை. அலுமினியக் கலவையைச் சூடேற்றிப் பதப்படுத்தித்தான் அதன் வலிமையைக் கொண்டுவருகிறார்கள். பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, இணைப்பைச் சுற்றியுள்ள பகுதி தளர்ந்துவிடும். நான் முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, பட்டறைக்காரர் மேசையிலிருந்த காந்தத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். அது ஒட்டாமல் விழுந்தது. "சார், இது அலுமினியம். இதுல நான் கை வைக்க மாட்டேன், நீங்களும் யார்கிட்டயும் குடுக்காதீங்க" என்றார். அந்தச் சொல்லை மதித்ததால்தான் இந்த வடிவம் உருவானது. உங்கள் சட்டத்தில் காந்தம் ஒட்டினாலும் இதே விதியைப் பின்பற்றுங்கள். வேண்டும்போது பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

முன்னால் நீளும் பகுதி

சாய்வு சைக்கிளில் பெடல் அச்சு முன் சக்கரத்துக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ இருக்க வேண்டும். அதற்கு ஹெட் டியூப்பைத் தாண்டி முன்னால் நீளும் ஒரு தாங்கி தேவை. ஹெட் டியூப்பின் நடுவே ஹேண்டில்பார் தண்டு சுழல்வதால் ஒற்றைக் குழாயை நேராக நீட்ட இடமில்லை. இரு பக்கமும் பிரிந்து செல்லும் கவைபோன்ற அமைப்புத்தான் பொருந்தும். அப்படி ஒன்றைப் புதிதாகச் செய்யத் தேவையில்லை, ஒவ்வொரு பழைய சைக்கிளிலும் அது ஆயத்தமாக இருக்கிறது. பெடல் அச்சு பொருந்தும் பாட்டம் பிராக்கெட் கூடும், அதிலிருந்து பின் சக்கரத்தின் இருபுறமும் செல்லும் இரண்டு கீழ்க் குழாய்களும் சேர்ந்த பகுதியை வெட்டி எடுத்து, முன்பின்னாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். கூடு முன்னே வருகிறது, இரண்டு குழாய்களும் ஹெட் டியூப்பை இருபுறமும் அணைத்துப் பின்னே வந்து, மடக்கு சைக்கிளின் முதன்மைக் குழாயின் பக்கவாட்டில் முடிகின்றன.

காயலான் கடையில் இதற்கான சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். இரும்புச் சட்டமாக இருக்க வேண்டும். கூட்டின் அகலம் 68 மில்லிமீட்டராகவும், உள்ளே மரை உள்ளதாகவும் இருக்க வேண்டும். பெடல்களைத் தாங்கும் இரண்டு கிராங்குகளும் ஒரே வளைந்த கம்பியாக வரும் மலிவு வண்டிகளின் பெரிய மரையற்ற கூடு உதவாது. பின் சக்கரம் அமரும் டிராப்-அவுட் என்ற பிளவு, செயினை இறுக்கச் சக்கரத்தை முன்பின் நகர்த்தக்கூடிய நீண்ட பிளவாக இருக்க வேண்டும். அந்தப் பிளவின் பயன் பின்னால் தெரியும். மலையேற்ற வடிவத்தில் வரும் கியர் சைக்கிள்களில் இக்குழாய்கள் 42 முதல் 44 செ.மீ. நீளம் இருக்கும், அகலமான டயருக்காக இடைவெளியும் தாராளமாக விடப்பட்டிருக்கும். ஹெட் டியூப் வெளிவிட்டம் 40 முதல் 45 மி.மீ. வரை இருப்பதால் இந்த இடைவெளி அவசியம். அங்கேயே நின்று டேப்பால் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மேலே செல்லும் மெல்லிய இரண்டு குழாய்களையும் வீசிவிட வேண்டாம், இருக்கையின் முதுகுத் தாங்கலுக்கு அவையே தூண்களாகும்.

எங்கள் வண்டியின் அளவுகளைத் தருகிறேன். உங்கள் வண்டியை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரு சக்கர அச்சுகளுக்கிடையே தூரம் 100 செ.மீ. பழைய பெடல் அச்சு, பின் அச்சுக்கு முன்னால் 40 செ.மீ. தூரத்தில், தரையிலிருந்து 29 செ.மீ. உயரத்தில் உள்ளது. புதிய பெடல் அச்சு முன் சக்கர அச்சுக்கு 7 செ.மீ. முன்னால், 70 செ.மீ. உயரத்தில் அமைந்தது. முன் சக்கரம் டயரோடு 50 செ.மீ. உயரம். 17 செ.மீ. கிராங்கின் பெடல் கீழே வரும்போது 53 செ.மீ. உயரத்தில் நிற்பதால் சக்கரத்தில் படாது. ஆனால் குதிகால் பெடலுக்கும் கீழே தொங்கும் என்பதையும், திரும்பும்போது சக்கரத்தின் விளிம்பு பக்கவாட்டில் வெளியே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் சிறுவர் சைக்கிளின் 15 செ.மீ. கிராங்கைப் பொருத்துவது நல்லது. முழங்கால் எழும் உயரமும் அதனால் குறையும்.

முதன்மைக் குழாயில் தாங்கி பொருந்தும் இடம் மடிப்பு மூட்டுக்குச் சற்று முன்னால் வர வேண்டும், மூட்டின் மீது வரவே கூடாது. அந்த இடத்தில் குழாயை மூன்று பக்கம் அணைக்கும் யூ வடிவச் சேணம் ஒன்றை 6 மி.மீ. தகட்டில் வளைத்து, நான்காவது பக்கத்தை ஒரு தகட்டாலும் நான்கு 8 மி.மீ. போல்ட்டுகளாலும் மூட வேண்டும். சேணத்தின் இரு பக்கமும் 10 மி.மீ. மரைத் தண்டு ஒவ்வொன்றைப் பற்றவைத்தால், டிராப்-அவுட்டை அதில் நுழைத்துச் சக்கரம் மாட்டுவது போலவே நட்டால் இறுக்கலாம். சேணத்துக்கும் டிராப்-அவுட்டுக்கும் இடையில் மிஞ்சும் இடைவெளியைக் குழாய்த் துண்டுகளால் நிரப்புங்கள். இடைவெளியோடு இறுக்கினால் குழாய்கள் உள்நோக்கி வளைந்து, கூடு கோணலாகிவிடும்.

மடக்கு சைக்கிளின் முதன்மைக் குழாய் பெரும்பாலும் நீள்வட்டமாக இருப்பதால், சேணத்துக்கும் குழாய்க்கும் இடையில் அச்சுப்போல் பொருந்தும் நைலான் துண்டுகள் தேவை. முதல் முறை நான் இங்கே சைக்கிள் டியூப் ரப்பரை வைத்தேன். கையால் அசைத்துப் பார்த்தபோது கல்லைப் போல் இருந்தது. மூன்றாம் நாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது தாங்கி முழுவதும் மெல்ல மேல்நோக்கித் திரும்பியது, செயின் கழன்று விழுந்தது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒதுங்கிப் போனதால் தப்பினேன். ரப்பர் அழுத்தத்தில் நசுங்கிக்கொண்டே போகும்; எனவே போல்ட்டின் இறுக்கம் நாளுக்கு நாள் குறையும். லேத் பட்டறையில் நைலான் கட்டையைக் கொடுத்து, குழாயின் வடிவத்தை அட்டையில் வெட்டிக் காட்டினால் கடைந்து தந்துவிடுவார்கள்.

இரண்டாவது பிடிப்பு ஹெட் டியூப்பில். அதன் விட்டத்துக்கு ஏற்ற கனமான குழாயை 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, காதுகள் வைத்து, ஹெட் டியூப்பைச் சுற்றிக் கவ்வுமாறு செய்ய வேண்டும். தாங்கியின் குழாய்களில் பற்றவைத்த சிறு தகடுகள் இந்தக் காதுகளோடு போல்ட்டால் சேரும். அத்தகடுகளில் வட்டத் துளைக்குப் பதிலாக 2 செ.மீ. நீளப் பிளவு போடச் சொல்லுங்கள். பற்றவைக்கும் வேலையைத் தனித்தனியாகச் செய்யாமல், எல்லாவற்றையும் வண்டியில் பொருத்தி, புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டவைத்து, பிறகு கழற்றி எடுத்துப் பட்டறை மேசையில் முழுப் பற்றவைப்பு செய்வதே முறை. வண்டியில் பொருத்திய நிலையில் புள்ளி வைக்கும்போது சட்டத்தின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றிவிட வேண்டும்.

செயின் போகும் வழி

ஒரே நீளச் செயினை முன்னிருந்து பின் சக்கரம் வரை இழுத்துச் செல்வது வழக்கமான முறை. அதற்கு வழியில் உருளைகள் வேண்டும், மடிக்கும்போது இரண்டரைச் செயின் நீளம் தரையில் புரளும். நான் பின்பற்றியதும் பரிந்துரைப்பதும் இரண்டு செயின் முறையாகும். மடக்கு சைக்கிளின் பழைய பெடல் அச்சை அப்படியே விட்டுவிட்டு, அதன் கிராங்குக் கைகளை மட்டும் நீக்கி, அதை இடைத்தண்டாகப் பயன்படுத்துகிறோம். முன் பெடலிலிருந்து ஒரு செயின் இடைத்தண்டுக்கு வருகிறது. அங்கிருந்து மற்றொரு செயின், எப்போதும் போல், பின் சக்கரத்துக்குப் போகிறது. பின் செயினும் கியரும் பிரிக்கப்படுவதே இல்லை.

இதற்கு 28, 38, 48 பற்கள் கொண்ட மூன்று சக்கரச் செயின்செட் இரண்டு வேண்டும். பார்க் டவுனில் ரத்தன் பஜார் பக்கமுள்ள சைக்கிள் கடைகளில் இது கிடைக்கும். இரண்டும் ஒரே தயாரிப்பாகவும், அவற்றின் அச்சுகள் ஒரே நீளமாகவும் இருக்கட்டும். அப்படி வாங்கினால் முன்னுள்ள 38 பல் சக்கரமும் இடைத்தண்டின் 38 பல் சக்கரமும் தாமாகவே ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும். முதல் செயின் இவ்விரண்டையும் இணைக்கும். இரண்டாம் செயின் இடைத்தண்டின் 48 பல் சக்கரத்திலிருந்து பின்னால் போகும். இடைத்தண்டுக்கான செயின்செட்டில் வலது கிராங்குக் கையை ஆக்சா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் மழுங்கச் செய்யுங்கள். இடது கை தேவையே இல்லை. முன்னால் மிஞ்சும் 48 பல் சக்கரம் கால்சட்டை செயினில் சிக்காமல் காக்கும்.

கியர் கணக்கு இதுதான். பின்னால் 14 முதல் 28 பல் வரை உள்ள ஃபிரீவீலும் (பின் பல்சக்கர அடுக்கு) சுமார் 1.52 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரமும் இருந்தால், ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி குறைந்தது 2.6 மீட்டரும் அதிகபட்சம் 5.2 மீட்டரும் நகரும். சமதளமான சென்னைக்கு இது போதும். சாய்வு சைக்கிளில் எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பதால் ஏற்காடு, ஏலகிரி போன்ற இடங்களுக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் 34 பல் வரை உள்ள ஃபிரீவீலைப் பொருத்த வேண்டும். குறைந்த கியர் 2.1 மீட்டருக்கு இறங்கும்.

இரு பெடல் அச்சுகளுக்கும் இடையே எங்கள் வண்டியில் 78 செ.மீ. தூரம் இருந்ததால் முதல் செயினுக்கு ஏறக்குறைய 160 கண்ணிகள் தேவைப்பட்டன. கடையில் ஒரு பெட்டியில் 116 கண்ணிகள் வரும். இரண்டு பெட்டி வாங்கி, மிஞ்சியதைப் பயணத்துக்கு உதிரியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடங்களில் கையால் கழற்றும் லாக் கண்ணி போடுங்கள். செயினின் தளர்வைச் சரிசெய்ய உருளையோ வில்லோ வேண்டாம். நட்டுகளைத் தளர்த்தித் தாங்கியை முன்னால் நகர்த்தினால் போதும். டிராப்-அவுட் நீண்ட பிளவாக இருக்க வேண்டும் என்றதும், ஹெட் டியூப் தகட்டில் பிளவு போடச் சொன்னதும் இதற்காகவே. செயினின் கீழ்ப்பக்கம் முன் சக்கரத்தின் மேல்விளிம்பை நெருங்கிச் செல்லும். வண்டியைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பி, டயரிலும் முன் பிரேக் கைகளிலும் செயின் படுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு விரல் இடைவெளி இல்லையென்றால் சேணத்தின் மீது தாங்கியின் கோணத்தை உயர்த்துங்கள். முன் மட்கார்டைக் கழற்றிவிட வேண்டியிருக்கும்.

மடிப்பு மூட்டைப் பற்றி

இந்த மாற்றத்தில் நான் மிகவும் கவலைப்பட்ட இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். சாதாரண நிலையில் பெடல் அச்சும் பின் சக்கரமும் மூட்டுக்குப் பின்னால், சட்டத்தின் பின்பாதியிலேயே இருக்கின்றன. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் செயினின் இழுப்பு மூட்டைத் தொடுவதில்லை. மூட்டைச் செய்தவர்கள் உடல் எடையையும் சாலையின் அதிர்ச்சியையும் மட்டுமே கணக்கில் கொண்டிருப்பார்கள். நாம் பெடலை மூட்டுக்கு முன்னால் கொண்டுபோகும்போது, ஒவ்வொரு மிதிக்கும் செயின் சட்டத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. இந்த இழுப்பு சிறியதன்று. 17 செ.மீ. கிராங்கை 60 கிலோ விசையோடு தள்ளினால், 7.7 செ.மீ. ஆரமுள்ள 38 பல் சக்கரத்தில் செயினின் இழுவிசை 130 கிலோவைத் தாண்டும். முதுகைத் தாங்கலில் ஊன்றிக்கொண்டு தள்ளும்போது உடல் எடையை விட அதிகமாகவும் கால்களால் அழுத்த முடியும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மேலும் செயின் குழாயின் நடுவே செல்லாமல் வலப்பக்கத்தில் சுமார் 5 செ.மீ. தள்ளிச் செல்வதால், மூட்டை ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பக்கமாக மடக்கவும் பார்க்கும்.

ஆகவே மூட்டில் சிறிதளவு ஆட்டம் உள்ள பழைய மடக்கு சைக்கிளை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்பின் அசைத்து, விரலை மூட்டின் மீது வைத்துப் பாருங்கள். விரல் நுனியில் 'டக்' என்று சிறு அசைவு தெரிந்தாலும் மூட்டின் கீல் பின்னை மாற்ற வேண்டும். பூட்டுக் கொண்டி மூடும்போது உள்ளங்கையில் அச்சுப் பதியும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வேலை முடிந்த பின், மூட்டின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தின் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். கோடு நேராக இருக்கும் வரை மூட்டு நலமாக உள்ளது. பெயின்ட்டில் மயிரிழை விரிசல் தோன்றினால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, உள்ளே உலோகத்திலும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துணியால் துடைத்து இந்தக் கோட்டைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இருக்கை

பலகையும் பஞ்சும் ரெக்சினும் வைத்துச் செய்த முதல் இருக்கையில் பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சென்னையின் புழுக்கத்துக்குக் காற்றோட்டமான பின்னல்தான் ஏற்றது. 19 மி.மீ. இரும்புக் குழாயில் 30 செ.மீ. அகலமும், அமரும் பகுதி 26 செ.மீ., முதுகு 55 செ.மீ. நீளமும் உள்ள சட்டம் ஒன்றை வளைத்து, கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடாவை அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினேன். கட்டில் பின்னுபவர்கள் நாடாவை இழுத்து முளைக்குச்சியால் இறுக்குவது போலவே இதையும் இறுக்க வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் ஒரு வாரத்தில் தொய்ந்து, இடுப்பு குழாயில் இடிக்கும். இடுப்புக்கு நேரே வரும் நாடாக்களைச் சற்று அதிகமாக இறுக்கினால் முதுகின் வளைவுக்கு அது தாங்கலாகும்.

முதுகின் சாய்வு எவ்வளவு என்பதில் அவசரப்பட வேண்டாம். அதிகம் சாய்ந்தால் காற்றின் எதிர்ப்பு குறையும், ஆனால் போக்குவரத்தைப் பார்ப்பது கடினம். நகருக்குள் ஓட்டுபவர் தரையோடு 50 முதல் 55 பாகை வரை வைத்துக்கொள்வதே நல்லது. அமரும் இடம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருந்தால், சராசரி உயரமுள்ளவர் சிக்னலில் கால் ஊன்ற முடியும்.

இருக்கைத் தண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. மடக்கு சைக்கிள்கள் பலவற்றில் நீண்ட இருக்கைத் தண்டு சட்டத்தை ஊடுருவிக் கீழே இறங்கும். மடித்து வைக்கும்போது வண்டி அதன் மீதுதான் நிற்கும். உயரத்தைக் குறைக்க அந்தத் தண்டை முழுவதும் இறக்கிவிட்டு ஓட்டினால், அதன் கீழ்முனை முதல் வேகத்தடையிலேயே மோதும். அதே விட்டமுள்ள இன்னொரு தண்டை வாங்கி 22 செ.மீ. அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள், குறைந்தது 10 செ.மீ. சட்டத்துக்குள் இருக்க வேண்டும். இருக்கைச் சட்டத்தின் அடியில் 6 செ.மீ. முன்பின் நகரக்கூடிய பிளவுத் தகடு வைத்து அதைத் தண்டோடு சேர்க்க வேண்டும். பழைய சைக்கிளிலிருந்து எடுத்து வைத்த மெல்லிய குழாய்கள் பின் அச்சின் நட்டுகளிலிருந்து எழுந்து, முதுகுச் சட்டத்தின் மேல்பகுதியைத் தாங்கட்டும். மிதிக்கும்போது முதுகு தள்ளும் விசையை வாங்குவது இவையே என்பதால் இவற்றைக் கம்பியால் கட்டி ஒப்பேற்ற வேண்டாம்.

உங்கள் கால் நீளத்துக்கு இருக்கையைச் சரியாக்க எளிய வழி உண்டு. சுவரில் முதுகை ஒட்டித் தரையில் அமர்ந்து, காலை நீட்டி, சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளந்து, அதில் கிராங்கு நீளத்தைக் கழியுங்கள். முதுகுத் தாங்கலின் அடியிலிருந்து பெடல் அச்சு வரை ஏறக்குறைய அந்தத் தூரம் இருக்க வேண்டும். எனக்கு 103 செ.மீ. வந்தது; 15 செ.மீ. கழித்தால் 88. காலை முழுவதும் நீட்டிய நிலையில் முழங்கால் சற்றே வளைந்திருக்க வேண்டும். விறைத்து நின்றால் இருக்கையை முன்னால் நகர்த்துங்கள்.

ஹேண்டில்பார் விஷயத்தில் மடக்கு சைக்கிளின் இயல்பே நமக்கு உதவுகிறது. அதன் நீண்ட தண்டு, கால்களுக்கு நடுவே நிமிர்ந்து, கைக்கு அருகே ஏற்கெனவே வந்து நிற்கிறது. நேர்க்கம்பியை நீக்கிவிட்டு, பால்காரர் சைக்கிளில் இருப்பது போல் பின்னோக்கி வளைந்த கம்பியைப் பொருத்தினால், தோளைச் சாய்வில் விட்டபடியே பிடியைப் பற்றலாம். முழங்கால் கம்பியில் இடிக்காத உயரம் கிடைக்கும் வரை தண்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். பின் பிரேக்குக்கும் கியருக்கும் நீளமான கேபிள் தேவைப்படும். கேபிள் மடிப்பு மூட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு கை அளவு தளர்வு விடாவிட்டால் முதல் மடிப்பிலேயே உறை நொறுங்கிவிடும்.

ஓட்டிப் பழகுதல்

அதிகாலையில் வண்டி நடமாட்டமில்லாத நேரான தெருவைத் தேர்ந்தெடுங்கள். கியரைக் குறைவாக வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஒரு பெடலை நேராக முன்னாலும் சற்று மேலேயும் நிறுத்தி, அந்தக் காலை அதில் வைத்து, பிரேக்கை விட்டு உறுதியாக ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். தயங்கி மெதுவாகத் தள்ளினால் வண்டி சாயும். கம்பியை இறுக்கிப் பிடித்து இழுப்பவர்களுக்கு வண்டி இங்குமங்கும் அலையும், தோளையும் கைகளையும் தளர்த்தியவுடன் நேராகிவிடும். பழைய சைக்கிள் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் இந்தச் சமநிலையை உடல் புதிதாகக் கற்க வேண்டும். எனக்கு நான்கு காலைகள் பிடித்தன. அதற்கு முன் பிரதான சாலைக்குப் போக வேண்டாம்.

பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். தரையிலிருந்து 180 செ.மீ. உயரத்தில் பறக்கும் ஆரஞ்சு நிறக் கொடி, இரு பக்கமும் கண்ணாடி, பகலிலும் எரியும் பின்விளக்கு ஆகிய மூன்றும் இல்லாமல் நான் தெருமுனையைக்கூடத் தாண்டுவதில்லை. சாய்ந்த நிலையில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது எளிதன்று என்பதால் கண்ணாடி கட்டாயம். வேகத்தடைகளில் உடலை எழுப்பி அதிர்ச்சியைத் தவிர்க்கவும் முடியாது. வேகத்தை முன்கூட்டியே குறைப்பதுதான் வழி.

பையில் அடைத்தல்

இந்திய ரயில்வே பெட்டிக்குள் கையோடு எடுத்துச் செல்ல அனுமதிக்கும் அளவு 100 x 60 x 25 செ.மீ. தூங்கும் வசதிப் பெட்டியில் 40 கிலோ வரை கட்டணமில்லை. எங்கள் வண்டி எல்லாம் சேர்ந்து 18 கிலோ, எனவே எடையில் சிக்கல் இல்லை, தடிமன்தான் மீறும். ஹேண்டில்பாரையும் முன் சக்கரத்தையும் கழற்றி, சட்டத்தின் மீது தட்டையாக வைத்துக் கட்டினால்தான் 25 செ.மீ. அளவுக்குள் அடங்கும். முதலில் முன் செயினை லாக் கண்ணியில் பிரித்து, பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் போட்டு முடிச்சிடுங்கள், கிரீஸ் பையெங்கும் பரவாது. பிறகு இரண்டு நட்டுகளையும் ஹெட் டியூப் போல்ட்டுகளையும் தளர்த்தினால் தாங்கி கிராங்கோடு ஒரே துண்டாக வந்துவிடும். இருக்கை தனிப் பை. புறநகர் ரயிலில் நெரிசல் நேரத்தைத் தவிர்த்து, வெண்டார் பெட்டியில் ஏறினால் யாருக்கும் தொந்தரவு இருக்காது.

இறங்கிய இடத்தில் பூட்டும் வரிசையை மாற்ற வேண்டாம். மடிப்பு மூட்டை மூடி வெள்ளைக் கோட்டைப் பார்ப்பது முதலில். அடுத்து முன் சக்கரம், தாங்கி, செயின், இருக்கை, கடைசியாக ஹேண்டில்பார். செங்கல்பட்டு நிலைய வாசலில் எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். முதல் ஐந்து கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, 13 ஸ்பானரால் சேணத்தின் நான்கு போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புதிதாகப் பூட்டியதில் ஒன்றாவது கால் சுற்று கொடுக்கும். கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பற்றவைத்த இடங்களில் ரெட் ஆக்சைடு பெயர்ந்திருந்தால் தொட்டுப் பூசிவிட வேண்டும். உப்புக் காற்றில் ஒரு வாரம் விட்டாலும் அந்த இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும்.